பட்டியல் இல்லாத இரவு

2015 டிசம்பர் 2-ஆம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை அது. வெள்ளத்தில் மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் பத்திரிகை நின்றது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்குச் சென்னையில் இல்லாமல் போனவற்றில் பத்திரிகை சின்ன விஷயம். மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் பல அடங்கிப்போயிருந்தன. ஏடிஎம்மில் பணம் இல்லை. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. போலீஸ் வருமா, தீயணைப்பு வண்டி வருமா என்று கேட்பதற்குக்கூட வழியில்லாத தெருக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அரசு, சட்டம், காவல் எல்லாம் விலகிவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பது மிகப் பழைய கேள்வி. பயம் ஒன்றுதான் நம்மைக் கட்டிவைத்திருக்கிறது, கட்டு அவிழ்ந்தால் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவோம் என்பது ஒரு கட்சி. மனிதன் பிறவியிலேயே நல்லவன், சமூகம்தான் அவனைக் கெடுக்கிறது என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்க வாதங்களையும் படித்து, இரண்டுக்கும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அந்த டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் பார்த்ததற்கு இரண்டுமே போதவில்லை. ஏன் போதவில்லை என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் முழுக்க மழை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. 1918-க்குப் பிறகு நகரம் அப்படியொரு நவம்பரைப் பார்த்ததில்லை. குளம், ஏரி எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நிலையில் டிசம்பர் 1-ஆம் தேதி வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு முடிச்சூரிலும் மணப்பாக்கத்திலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் கரையை மறந்து ஓடியது. அது மனிதரால் உண்டான பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. அந்த வழக்கு பெரியது, இங்கே அதற்குள் போகவில்லை.

நான் அப்போது ஆற்றுக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாம் மாடியில் இருந்தேன். நள்ளிரவு தாண்டித் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. கீழ்வீட்டுக்காரர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். யாரும் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, எல்லாக் கதவுகளும் திறந்தே இருந்தன. கொஞ்ச நேரத்தில், எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் வந்து சேர்ந்தார். ஆற்றோரத்தில் குடிசை அவருக்கு. அது அதற்குள் போயிருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா ஆசாரம் பார்ப்பவர். அக்காவுக்குத் தினமும் டீ கொடுப்பார், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. அது வீட்டுக்குள் போகாது. வெளியே ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அக்காவே கழுவி, அக்காவே வைக்க வேண்டும். இத்தனை வருடங்களில் அந்த வீட்டு வாசற்படியை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை.

அன்றிரவு படியிறங்கி வந்து கையை நீட்டியது அந்த அம்மாதான். “புள்ளைங்கள முதல்ல என்கிட்ட குடு. நீ உன் மாமியாரப் புடிச்சிக்கோ” என்றார். நனைந்து நடுங்கிய பிள்ளைகளைத் தன் முந்தானையாலேயே துவட்டினார். தன் கட்டிலில் படுக்கவைத்தார். பாட்டிக்குத் தன் புடவையை எடுத்துக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். விடிந்ததும் அவர் வீட்டு கேஸ் அடுப்பில்தான் கட்டடம் முழுவதற்கும் கஞ்சி காய்ச்சினோம். இருந்த டம்ளர், கிண்ணம், டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றிலும் ஊற்றிக் குடித்தோம். எது யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த அம்மா அதையெல்லாம் நினைத்துத் தன்னை மாற்றிக்கொண்டதாகவும் தெரியவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகத்திலேயே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்படி ஒரு கட்டடத்தில் மட்டும் நடந்திருந்தால் நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நகரம் முழுக்க நடந்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தேயிராத உள்தெருக்களுக்கு வந்தார்கள். அலையோடு பழகிய கைகளுக்கு வெள்ளம் புதிதில்லை என்றாலும், தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவரும் நிறுத்திவைத்த கார்களும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஓட்டுவது கடலைவிடக் கடினம். பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், கோயில் மண்டபங்கள், கல்யாண மண்டபங்கள் திறந்துவிடப்பட்டன. நீர் வடிந்தபின் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் கோயில்களை இஸ்லாமிய இளைஞர்கள் கழுவிவிட்டார்கள். யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு இருக்கிறது என்று முன்பின் தெரியாத இளைஞர்கள் இணையத்தில் சேர்ந்து தகவல் திரட்டி ராப்பகலாக வேலை செய்தார்கள். பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றவர்களும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குத் தெருவின் குணம் அதுவாக இல்லை.

பேரிடர்களை ஆராய்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. அமெரிக்காவில் என்ரிகோ குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர் 1963-இல் தன் சகாக்களோடு ஓஹாயோவில் பேரிடர் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கி, பிறகு பல பத்தாண்டுகள் பூகம்பம், புயல், வெடிவிபத்து என்று நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். பீதியில் கூட்டம் ஒருவரை ஒருவர் மிதித்து ஓடுவது நாம் நினைப்பதைவிட மிக அரிது என்பதும், முதல் மணி நேரங்களில் மீட்பு வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்பதும் அவர் திரும்பத் திரும்பக் கண்டது. ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவர்கள் மக்களை நம்புவதில்லை. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த விளையாட்டரங்கில் கொலையும் பாலியல் வன்முறையும் தலைவிரித்தாடுவதாக மேயரும் காவல்துறைத் தலைவருமே தொலைக்காட்சியில் சொன்னார்கள். பிறகு பார்த்தால் அங்கே இறந்தவர்கள் ஆறு பேர். நான்கு பேர் நோயாலும் முதுமையாலும் இறந்தவர்கள், ஒருவர் போதைமருந்தால், ஒருவர் தற்கொலை. ஆனால் அந்த வதந்தியை நம்பி, மீட்பு வேலையிலிருந்த போலீஸைக் கொள்ளையைத் தடுக்கத் திருப்பிவிட்டார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி டான்சிகர் பாலத்தில், கையில் எந்த ஆயுதமும் இல்லாத மக்களைப் போலீஸ்காரர்கள் சுட்டு, இரண்டு பேரைக் கொன்றார்கள். மக்கள் மிருகமாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே வெள்ளத்துக்கு மேல் இன்னொரு ஆபத்தாக நின்றது.

சரி, அப்படியானால் மனிதன் நல்லவன் என்ற கட்சிதான் ஜெயித்ததா? கதை அங்கே முடியவில்லை. தண்ணீர் வடிந்தது.

நிவாரண லாரிகள் வந்தன. பல ஊர்களிலிருந்து, பெயர்கூடத் தெரியாதவர்கள் அனுப்பிய அரிசியும் பாயும் பிஸ்கட்டும். அந்தப் பொட்டலங்களின் மேல் முதலமைச்சரின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி ஆளுங்கட்சிக்காரர்கள் வண்டிகளை மறித்ததாகச் செய்திகள் வந்தன. அப்புறம் கணக்கெடுப்பு வந்தது. குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற குடும்பங்களுக்கு 5,000 ரூபாய். ரேஷன் கார்டு எண், கதவு எண், குடும்பத் தலைவர் பெயர். எங்கள் கட்டடத்தில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள் படிக்கட்டில் நின்று வாதாடினார்கள். மேல்மாடியில் தண்ணீரே வரவில்லையே, அவர்களுக்கு எதற்கு? வாடகைக்கு இருப்பவருக்கா, வீட்டுக்காரருக்கா? ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது, வரி கட்டுகிற நமக்கு என்ன? இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவர், அந்த இரவில் தன் தோளில் அக்காவின் மகனைத் தூக்கிவந்தவர்.

குப்பையை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். மெத்தையும் சோபாவும் செத்த நாயும் மலமும் கலந்த சேற்றைப் பலர் வெறுங்கையால் அள்ளியதை ஊரே பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்பது யாருக்கும் தெரியாததில்லை. வெள்ளத்தில் எல்லோரும் ஒன்று என்று எழுதிய அதே வாரத்தில் இதுவும் நடந்தது.

சில வாரங்களில் மூன்றாம் மாடி ஜன்னல் திட்டில் அந்த டம்ளர் மறுபடி கவிழ்ந்திருந்தது.

நான் அந்த அம்மாவைப் போலி என்று நினைக்கவில்லை. முந்தானையால் பிள்ளைகளைத் துவட்டியதும் அவர்தான், டம்ளரை வெளியே வைத்ததும் அவர்தான். இரண்டையும் முழு மனதோடு செய்தார். எது அவருடைய உண்மையான இயல்பு என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று இப்போது நினைக்கிறேன். நாம் கேட்க வேண்டியது வேறு. முதல் இரவுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் என்ன வந்தது?

முதலில், தூரம் என்று நினைத்தேன். கண்ணெதிரே ஒரு குழந்தை நடுங்கினால் யாரும் சாதி கேட்பதில்லை, கண்ணுக்கு மறைந்ததும் மறந்துவிடுகிறோம் என்று. ஆனால் அது சரியாக இல்லை. அக்கா தினமும் அந்த அம்மாவின் கண்ணெதிரேதான் இருந்தார். கிராமங்களில் ஊரும் சேரியும் தினமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

சுனாமி நாட்களை நினைத்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் தெளிந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், கரையோர மீனவக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த மக்களுக்கு நாள்கணக்கில் சமைத்துப் போட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. அதே நாட்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், நிவாரணம் முகாமாகவும் வரிசையாகவும் மாறிய இடங்களில், தலித் மக்களைத் தனியே ஒதுக்கியதும், பொதுத் தொட்டியில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்ததும் வெளிவந்தது. பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அப்போதும் அதே கைகள்தான்.

கொடுக்கிறவரிடம் இருப்பது கஞ்சிச் சட்டியாக இருக்கும்வரை, எதிரே நிற்பவர் பசித்த ஆள். அது பங்காக மாறியதும், எதிரே நிற்பவர் நம் பங்கில் கை வைக்க வந்தவர். இன்னார் யார், எந்தப் பக்கத்து ஆள், அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன. அந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும் பதில் சாதி, மதம், வாடகைக்காரர், ஆக்கிரமிப்பாளர் போன்ற பெயர்கள்தான். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை, பாட்டன் காலத்துப் பட்டியல் கையிலேயே இருக்கிறது.

இதற்கும் விதிவிலக்கு உண்டு, அது என்னை மிகவும் வருத்துகிறது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் 669 படகுகளோடு உள்நாட்டுக்கு வந்து சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாக அந்த மாநில அரசு சொன்னது. தானூரைச் சேர்ந்த ஜெய்சல் என்ற மீனவர், பெண்கள் படகில் ஏறுவதற்காகத் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகைப் படியாகக் கொடுத்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாளுக்கு 3,000 ரூபாய் தருகிறோம் என்று முதலமைச்சர் அறிவித்தபோது, எங்கள் சகோதரர்களைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்றார்கள் அவர்களில் சிலர். அதே வெள்ளத்தில், வந்த மீனவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுவிட்டு, எங்களைத் தொடாமல் ஏற்றுங்கள் என்று ஒரு குடும்பம் சொன்னதாகவும் செய்தி வந்தது. கழுத்தளவு தண்ணீரிலும் சிலருக்குப் பட்டியல் நனைவதில்லை.

ஆற்றங்கரைக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் அதைச் சுற்றிய பகுதிகளுக்கும் மாற்றினார்கள். அவர்களைக் காப்பாற்றவும் ஆற்றைக் காப்பாற்றவும் என்று காரணம் சொல்லப்பட்டது. அக்காவின் குடும்பமும் போனது. பெரும்பாக்கம் எங்கள் தெருவிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். அடுக்கடுக்கான மாடிக் கட்டடங்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம். காலையில் நான்கு வீடு கூட்டிப் பெருக்கிச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு இரண்டு பஸ் மாறி வந்தால் கூலியில் பாதி பயணத்துக்கே போய்விடும். பள்ளி பாதியில் நின்றது பல பிள்ளைகளுக்கு. ஆற்றையும் ஏரியையும் சதுப்பையும் வளைத்துக் கட்டப்பட்ட பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த இரவில் தன் கட்டிலைக் கொடுத்த வீட்டில் யாரும் இந்த இடமாற்றத்தைக் கொடுமையாகப் பார்க்கவில்லை. “நல்ல பக்கா வீடு குடுத்திருக்காங்களே” என்றார் அந்த அம்மா, உண்மையான சந்தோஷத்தோடு. அவர் அந்த வீட்டைப் பார்க்கப் போனதில்லை.

படகு கொண்டுவந்தவர்களுக்கும் இதுபோல ஒன்று நடந்தது. 2023 ஏப்ரலில், பட்டினப்பாக்கத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே உள்ள மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பம் மக்கள் போட்டிருந்த மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. அந்தக் கரை அவர்களுடைய ஊர், சாலைதான் பிறகு வந்தது என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்து சொன்னார்கள். பிறகு அங்கே மீன் சந்தை ஒன்று கட்டிக் கொடுக்கப்பட்டது. அது நல்லதுதான். ஆனால் அந்த ஏப்ரலில், காரில் போகிறவர்களின் பேச்சில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் மட்டும்தான். எட்டு வருடத்துக்கு முன் லாரியில் படகு ஏற்றி வந்த குப்பங்களில் ஒன்று இது என்று யாராவது பேசுவார்களா என்று தேடித் தேடிப் படித்தேன். மிகச் சிலரே பேசினார்கள்.

பட்டியல் இல்லாமல் ஒரு நகரத்தை நடத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கணக்கெடுக்காமல் காசு கொடுத்தால் பலசாலி அள்ளிக்கொள்வான், அந்த அக்காவுக்கு ஐந்து பைசா வந்திருக்காது. வீட்டுக்கு 10,000 ரூபாய் என்று எழுதிவைத்த ஒரு தாள்தான் அவருக்குக் கிடைத்த ஒரே பிடி. கஞ்சிச் சட்டி பத்து நாளைக்கு மேல் தாங்காது. ஆகவே, நாம் எல்லோரும் முதல் இரவைப் போலவே இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது, பட்டியல் போடுகிற மேசையில் முதல் இரவின் ஞாபகம் உள்ள ஒருவராவது உட்கார்ந்திருப்பது. யாரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவது என்று முடிவெடுத்த அறையில் அக்காவைப் போன்ற ஒருவருக்கு நாற்காலி இருந்திருந்தால், பஸ் எத்தனை மாற வேண்டும் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. அன்று காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. முன்னால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. நிலைய அதிகாரி ரயிலை நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள், மற்றவர்கள் ரயிலிலேயே இரண்டு இரவுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமம். அவர்கள் தெருவிலும் தண்ணீர்தான். இருந்த அரிசியைக் கூட்டிச் சேர்த்துக் கோயிலில் சமைத்துக் கொண்டுபோனார்கள்.

சில நாட்களில் ஸ்ரீவைகுண்டம் வட்டத்துக்கு அரசின் 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ரேஷன் கடையில் டோக்கன். ரேஷன் கார்டு இருந்தால் உண்டு. மகன் கல்யாணமாகித் தனியாகப் போனபின் தனி கார்டு வாங்காத குடும்பத்துக்கு என்ன, பிழைப்புக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவருக்கு என்ன என்று அங்கேயும் கேள்விகள் எழுந்திருக்கும். ரயிலில் இருந்தவர்கள் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர், இரண்டு நாள் தனக்குச் சோறு போட்ட அந்த ஊரில் யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்டாரா என்பதைத்தான் நான் இன்னமும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.